கிணற்றடியில் அடைக்கலம் மாமாவின் ஆர்க்கிட்

அரிமளத்துக்காரர்களிடம் ஒரு செடியைக் காட்டினால் மூன்று கேள்வி கேட்பார்கள். திங்கலாமா, தலையில் வைக்கலாமா, சாமிக்குப் போடலாமா. மூன்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டால் செடியை விட்டுவிட்டு நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் ருசியானது என்பதால் தெருவில் பாதிப் பேர் காலையில் குடத்தோடு இங்கேதான் வருகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் மாட்டுக்கொட்டகைத் தாழ்வாரத்தில் நான் கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஆர்க்கிட் செடியை அண்ணாந்து பார்த்து, "இன்னுமா இதை வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கயிற்றைக் கையில் எடுப்பார்கள். பத்து வருஷமாக இதே கேள்வி. நானும் பத்து வருஷமாக, "ஆமா, இன்னும் சாகலை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஈப்போவில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும். அங்கே குமாஸ்தா குவார்ட்டர்ஸ் பின்புறத்தில்கூட மண்ணெண்ணெய் டின்னில் நாலு ஆர்க்கிட் நிற்கும். அதிலும் இது விட்டில்பூச்சி ஆர்க்கிட். சிறகை விரித்த விட்டில் மாதிரி இதழ் இருப்பதால் வெள்ளைக்காரன் வைத்த பெயர் அது. மலாய்க்காரர்கள் பூலான், அதாவது நிலா என்பார்கள். இரண்டு பெயரும் இங்கே எடுபடவில்லை. இந்த ஊர் அதற்கு வைத்த பெயர் புல்லுருவி. மரத்தின் மேல் உட்கார்ந்து மரத்தையே உறிஞ்சுகிற அந்தத் தரித்திரத்தின் பெயரை, ஒருவர் சோற்றிலும் கை வைக்காமல் காற்றையும் ஈரத்தையும் குடித்துக்கொண்டு தன் பாட்டுக்குக் கிடக்கும் செடிக்குச் சூட்டியிருக்கிறார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை.

ஈப்போவில் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் மேடையேறி 'நம் ஊர், நம் மண்' என்று தொண்டை அடைக்கப் பேசுகிற பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மண்ணில்தான் நான் இருக்கிறேன். செம்மண். வெள்ளை வேட்டிக்கு ஆகாது. அவ்வளவு ஆசையாக இருந்தால் கப்பலேறி வாருங்கள், யாரும் தடுக்கவில்லை. வர மாட்டீர்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஈப்போவில் அச்சாகிற இந்தப் பத்திரிகை அரிமளத்துக்கு வருவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஈப்போவில் பிறந்தவள். அங்கே ஒரு கடையில் வேலை பார்த்த அரிமளத்துக்காரரைக் கட்டிக்கொண்டேன். நல்ல மனிதர், அதாவது வாயைத் திறக்க மாட்டார். மாமனார் காலமானதும், "ஆறே மாசம், நிலத்தை ஒழுங்கு பண்ணிட்டுத் திரும்பிடலாம்" என்றார். அவர் வாயைத் திறந்தது அந்த ஒரு முறைதான், அதுவும் பொய்யாகப் போயிற்று. பிள்ளைகளோடு மூட்டை கட்டிய அன்று எங்கள் பின்தெருவில் இருந்த அடைக்கலம் மாமா ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். டின்னுக்குள் ஈரத் தேங்காய் மட்டைக்கு நடுவே மூன்று இலை விட்ட ஒரு குட்டிச் செடி.

அடைக்கலம் மாமா உறவுமுறையில் மாமா இல்லை, ஊர்முறையில் மாமா. அரிமளத்துக்குத் தெற்கே இரண்டு மைலில் ஒரு பட்டியில் பிறந்து, ஈயச் சுரங்கத்து வெள்ளைக்காரத் துவான் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். துவானின் மேம் ஆர்க்கிட் பைத்தியம். மேம் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டுவாள், மாமா வேலை செய்வார். காட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன ஊதாப் பூவின் நடுவில் இருக்கும் மஞ்சள் மகரந்தக் கட்டியைத் தீக்குச்சி முனையால் எடுத்து, பெரிய வெள்ளைப் பூவின் உள்ளே ஒட்டுவார். காய் பிடித்து முற்ற மாதக்கணக்கில் ஆகும். விதை மாவைவிடப் பொடி. அதை மண்ணில் போட்டால் முளைக்காது. நாம் பண்டிகைக்குக் கிண்டுகிற கடற்பாசி, அந்த அகார் அகாரை பாட்டிலில் ஊற்றி, அவித்து, மூச்சுக் காற்றுகூடப் படாமல் அதன் மேல் தூவ வேண்டும். மாமா தன் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து இதையெல்லாம் பண்ணினார். தீக்குச்சி பிடித்தது மாமா, பாட்டில் அவித்தது மாமா. பூ பூத்தால் மட்டும் மேம் பெயரில் பதிவு. அதைப் பற்றிக் கேட்டால், "பேருல என்ன ஆத்தா இருக்கு, பூ தெரிஞ்சாப் போதும்" என்பார். எனக்குத்தான் வயிறு எரியும்.

கலப்புச் செடியில் ஒரு விஷயம் உண்டு. முதல் பூ விரிகிற வரைக்கும் அது என்ன பூ என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. தாயின் அகலம் வருமா, தகப்பனின் வாசனை வருமா, இரண்டும் கெட்டு ஒரு சோனிப் பூ வருமா, ஒன்றும் சொல்ல முடியாது. வெள்ளைப் பூவின் அகலத்தில் காட்டுப் பூவின் வாசனையைக் கொண்டுவர வேண்டும் என்பதுதான் மாமாவின் ஆசை. டின்னை என் கையில் கொடுத்து, "பூத்தா என்ன பூவுன்னு எனக்கு எழுது" என்றார். அடுத்த வருஷங்களில் மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து, துவானும் மேமும் கப்பலேறி, பங்களாவுக்கு வந்த புது ஆள் கண்ணாடிப் பெட்டியோடு எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் போட்டுவிட்டான் என்று கடிதம் வந்தது. அந்தக் காயில் வந்த செடிகளில் உயிரோடு மிச்சமிருந்தது என்னிடம் இருந்த ஒன்றுதான்.

இதை எந்த ஊரில் பூக்க வைக்க வேண்டியிருந்தது பாருங்கள். வந்த மூன்றாம் மாதம் நான் ஒரு கல்யாணத்துக்கு விராலிமலை போயிருந்தேன். திரும்பி வந்தால் செடியைக் காணோம். என் மாமியார் பெருமையோடு கொல்லைப்புறம் கூட்டிப் போய்க் காட்டினார். நல்ல செம்மண், பாதிக்குப் பாதி சாணி எரு, கழுத்து வரைக்கும் புதைத்து, வாய்க்கால் வெட்டித் தண்ணீரும் கட்டியிருந்தார். "வேரெல்லாம் வெளியில கெடந்து காயுதேத்தா, பாக்கப் பாவமா இருந்துச்சு" என்றார். அவருடைய இரக்கத்தில் ஏழு வேரில் ஐந்து அழுகிப்போயிருந்தது. நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்கும், "மண்ணுக்குப் போயி ஒருத்தி பட்டினி கெடப்பாளா" என்று கேட்டார்.

அடுத்தது பானை. இந்தச் செடிக்கு வேரில் காற்றுப் பட வேண்டும். கரியும் ஓட்டுத் துண்டும் மட்டையும் போட்டு, சுற்றிலும் துளை உள்ள சட்டியில் வைக்க வேண்டும். ஈப்போவில் அப்படிப்பட்ட சட்டி பசாரில் குவிந்து கிடக்கும். இங்கே பானை வனைகிற வேளாரிடம் போய், சுற்றிலும் ஓட்டை போட்டு ஒரு பானை சுட்டுத் தாருங்கள் என்று கேட்டேன். அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டார்.

"ஓட்டைப் பானையா?" என்றார் மெதுவாக. "அதை நாங்க போட்டுக் குடுக்குறதில்லையேம்மா. அங்க போயித்தானே ஓட்டை போடுவாக."

"எங்கே போய்?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "வீட்டுல யாருக்கு ஒடம்பு சரியில்லை?" என்று கேட்டார். சுடுகாட்டில் கொள்ளி வைக்கிறவன் தோளில் தூக்கிச் சுற்றுகிற குடத்தில்தான் ஓட்டை போடுவார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அன்று சாயங்காலத்துக்குள் ஏழெட்டுப் பேர் என் மாமியாரைக் கடைசியாக ஒரு தரம் பார்த்துவிட்டுப் போக வந்தார்கள். அவர் உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அது எனக்கு வசதியாகவே இருந்தது.

கடைசியில் நானே ஒரு பழைய பானையில் ஆணியால் ஓட்டை போட்டுச் செடியைத் தொங்கவிட்டேன். அதற்குப் பிறகு ஊருக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. சில மரத்துப் புல்லுருவியை எடுத்து வசியம் செய்வார்கள் என்று இங்கே ஒரு நம்பிக்கை. மலாய் மந்திரம் பொல்லாதது என்று இன்னொரு நம்பிக்கை. இரண்டையும் கூட்டிப் பார்த்து, ஈப்போக்காரி புருஷனைத் திரும்பக் கப்பலேற்றுவதற்காக ஓட்டைப் பானையில் புல்லுருவி வளர்க்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "வேலியில போற ஓணானைத் தூக்கி மடியில விட்டுக்கிட்டோம்" என்று என் மாமியார் என் காதுபடவே சொன்னார். அப்படி வசியம் தெரிந்தால் நான் ஏன் இந்த ஊரில் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கப்போகிறேன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வேடிக்கை என்னவென்றால், பகலில் என்னைத் தூற்றிய பெண்களே தனித்தனியாக வந்து, அக்கரையில் இருக்கிற புருஷன் திரும்பி வர ஒரு வேர்த்துண்டு கிடைக்குமா என்று கேட்டார்கள். ஒருத்திக்கும் கொடுக்கவில்லை. "இது வெறும் செடி, போய் வேலையைப் பாருங்க" என்று விரட்டினேன்.

செடிக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. சித்திரை வெயிலில் நாலு பக்கமும் சாக்கைக் கட்டி, மணிக்கொரு தரம் நனைத்தேன். வருஷத்துக்கு ஒரு இலை விட்டது, ஒரு இலையை உதிர்த்தது. நாலாம் வருஷம் மார்கழிக் கடைசியில் இலைக்கு அடியில் பச்சையாக ஒன்று முட்டிக்கொண்டு வந்தது. வேராக இருந்தால் முனை மொட்டையாக இருக்கும். இது வெண்டைப் பிஞ்சு போலக் கூராக, ஒரு பக்கம் சரிந்து இருந்தது. பூந்தண்டு. இரவு குளிர்ந்தால்தான் இது தண்டு விடும் என்று மாமா சொல்வார். அதற்காகவே துவான் செடிகளை லாரியில் ஏற்றி மலைக்கு அனுப்புவான். இங்கே மார்கழிப் பனி சும்மா அந்த வேலையைச் செய்துவிட்டது. இந்த ஊரைப் பாராட்டுவது எனக்குப் பிடிக்காத காரியம். ஆனாலும் அன்று எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கே மாமாவுக்கு எழுதினேன். தண்டு வந்துவிட்டது, பங்குனியில் விரியும், நீங்கள் பக்கத்தில் இல்லையே என்று எழுதினேன். அந்தக் கடைசி வார்த்தைதான் வினையாகப் போயிற்று.

மாசி மாதம் ஒரு மத்தியானம், கையில் களைக்கொத்தோடு ஓர் அம்மாள் கொல்லை வாசல் வழியாக உள்ளே வந்தார். கறுத்து ஒடிசலான உடம்பு, முழங்கால் வரை செம்மண்.

"ஈப்போப் பொண்ணு நீதானா?" என்றார். "நான் வீராயி. அடைக்கலம் வீட்டுக்காரி."

மாமாவுக்கு ஊரில் மனைவி உண்டு என்பது எனக்குத் தெரியும். இத்தனை அருகில் இருந்தும் போய்ப் பார்த்ததில்லை. காரணம், மாமாவுக்கு ஈப்போவில் ஒரு சயாமியப் பெண்ணும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். அதை எந்த முகத்தோடு மறைப்பது என்றுதான் நாலு வருஷமாக அந்தப் பக்கமே போகவில்லை.

"ஒரு வேரு வேணும்த்தா" என்றார்.

இவருமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. "ஆளை வரவைக்கிற வேர் இல்லைங்க இது."

"வரவைக்க யாரு கேட்டா? வாராம இருக்கத்தான் கேக்குறேன்."

அவர் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்து, களைக்கொத்தைப் பக்கத்தில் வைத்தார்.

"கடுதாசி வந்துருக்கு. சித்திரையில வாராராம், பத்தொம்பது வருசம் கழிச்சு. எதுக்குன்னு நெனைக்குற? பூப் பாக்கவாம். சரோசா வீட்டுல, அதான் ஒன் வீட்டுல, நம்ம செடி தண்டு விட்டுருக்காம், அதைப் பாக்க வந்து அப்புடியே ஊரோட இருந்துர்றாராம். பள்ளிக்கொடத்து வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு. ஊரு சொல்றது சரிதான். ஆளை இழுக்குதுல்ல ஒன் செடி?"

"வந்தா நல்லதுதானே" என்றேன். என் குரலே எனக்கு அசட்டுத்தனமாகக் கேட்டது.

"யாருக்கு நல்லது? அவரு போறப்ப எங்க நெலம், அந்தக் கொல்லை, மொட்டப் பாறை. நான் கெணறு வெட்டி, கல்லைப் பொறுக்கி, இப்பக் கடலை வெளையுது. பட்டா அவரு பேருல இருக்கு. வந்தாருன்னா மறுநாளே அவரு தம்பி வித்துப் பங்கு கேப்பான். இவரு சரிம்பாரு. நான் எங்கிட்டுப் போறது?"

"அங்கே அவருக்கு..."

"தெரியும்த்தா. சயாங்காரி. மூணு புள்ளைக. பேருகூடத் தெரியும். ஒரு வீட்டை விட்டுட்டுப் போனவரு, இப்ப இன்னொரு வீட்டை விட்டுட்டு வாராராம். உழுகுற மாடா இருந்தா உள்ளூருலயே வெலை போயிருக்கும்."

அவமானமாக இருந்தது. மறைக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை எல்லாம் அவர் எப்போதோ கரைத்துக் குடித்துவிட்டிருந்தார். ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு மாமா வர வேண்டும் என்றுதான் இருந்தது. இந்த ஊரில் இந்தச் செடியைப் பார்த்து, திங்கலாமா என்று கேட்காத ஒரே ஒரு ஆள் எனக்கு வேண்டியிருந்தது. அதனால் அவரிடம் செடியைக் காட்டி, இதைச் செய்தவர் மாமாதான், எத்தனை பொறுமையாக, எத்தனை பக்குவமாகச் செய்தார் தெரியுமா என்று விளக்கினேன். வீராயி எழுந்துபோய்ச் செடியை உற்றுப் பார்த்தார்.

"பாட்டுல்ல போட்டதுலேருந்து இத்தனை வருசமா அவரும் நீயும் மாத்தி மாத்தித் தண்ணி ஊத்துனீங்களாக்கும்."

"ஆமாம்."

"செடிக்கு" என்றார். அவ்வளவுதான். களைக்கொத்தை எடுத்துக்கொண்டு, "பங்குனி பொறந்ததும் வாரேன், யோசிச்சு வையி" என்று போய்விட்டார். நான் வேர் கொடுக்கவில்லை.

பங்குனி முதல் வாரத்தில் மொட்டு விரிந்தது. விடியற்காலையில் போய்ப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், சுமாரான பூ. தாயின் அகலத்தில் பாதிகூட இல்லை. வெள்ளையும் இல்லாமல் ஊதாவும் இல்லாமல் மோர் நிறத்தில் ஐந்து இதழ், நடுவில் வெற்றிலை போட்ட வாய் போல ஒரு சிவப்பு. மேம் பார்த்தால் மூக்கைச் சுளித்துத் தூர எறியச் சொல்வாள். இதற்காகவா இத்தனை பாடு என்று உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறி ஒன்பது மணி ஆனபோது, மாட்டுச் சாணி நாற்றத்தைத் தாண்டிக்கொண்டு லேசாக ஒரு வாசனை வந்தது. ஏலக்காய் கலந்த மாதிரி. மாமா கேட்டது வந்துவிட்டது. நான் கொட்டகையிலேயே நின்று அழுதேன்.

மறுநாள் வீராயி வந்தார். பூவிடம் முகத்தைக் கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"வாசமாத்தான் இருக்கு" என்றார். பிறகு கிணற்றுச் சுவரில் போய் உட்கார்ந்தார். "வேரு வேணாம்த்தா. ஒரு கடுதாசி எழுதிக் குடு. பூக்கலைன்னு எழுது. என்னையப் பத்தி ஒரு வார்த்தை எழுத வேணாம். வராதேன்னு நான் சொன்னா ரோசப்பட்டு வந்து நிப்பாரு. செடி செத்துப்போச்சுன்னா வர மாட்டாரு."

"அவர் கேட்ட வாசனை வந்திருக்குங்க. அதைக்கூடச் சொல்லக் கூடாதா?"

"ஒனக்குப் பாவமா இருக்கு. எனக்குக் கொல்லை இருக்குத்தா."

வான்கடிதத்தாளை எடுத்து மடியில் பலகை வைத்து உட்கார்ந்தேன். வீராயிக்குப் படிக்கத் தெரியாது. பூத்துவிட்டது மாமா, மோர் நிறம், வாசனை இருக்கிறது, உடனே வாருங்கள் என்று எழுதிவிட்டு, வேறு ஒன்றைப் படித்துக் காட்டியிருக்கலாம். பேனா என் கையில்தான் இருந்தது. மாமா வந்தால் அவர் கண்ணுக்கு ஒரு பூ கிடைக்கும், எனக்கு ஒரு துணை கிடைக்கும். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு நிற்க நிலம் இருக்காது. எழுதினேன். 'மாமா, தண்டு வெயிலில் கருகிவிட்டது. செடியும் போய்விட்டது. நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை, மன்னித்துவிடுங்கள்.' எழுதி முடிக்கிற வரை அந்த வாசனை என் மூக்கில் ஏறிக்கொண்டே இருந்தது.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. 'உன்மேல் தப்பு இல்லை ஆத்தா. அந்த ஊர் ஒன்றையும் வாழவிடாது, எனக்குத் தெரியும். நான் வரவில்லை. நீயும் அங்கே கிடந்து காயாதே. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு.' அவ்வளவுதான் கடிதம். வீராயி வந்து, "வாராரா?" என்று கேட்டார். இல்லை என்றேன். முகம் தெளிந்துவிட்டது. கிளம்பிப் போனவர் கொல்லை வாசலில் நின்று, திரும்பாமலே, "என்னையப் பத்தி ஏதாச்சும்?" என்றார்.

"உங்க உடம்பை நல்லாப் பாத்துக்கச் சொல்லி எழுதியிருக்கார்" என்றேன்.

"க்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போன தை மாதம் அடைக்கலம் மாமா ஈப்போவில் இறந்துபோனார். மூத்த மகன் எழுதியிருந்தான். அதனால் இனிமேல் சொல்லலாம். மாமாவின் பூ பூத்தது. ஆறு வருஷமாகப் பங்குனிதோறும் பூக்கிறது, வாசனையும் இருக்கிறது. அந்தப் பிள்ளைகள் இதைப் படித்தால் அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

செய்தி வந்த அன்று சொல்லி அனுப்பினேன். வீராயி அன்றும் கடலைக் கொல்லைக்குப் போய்விட்டு, இருட்டுகிற நேரத்துக்கு வந்து, எங்கள் கிணற்றில் தண்ணீர் இறைத்துத் தலைக்குக் குளித்தார். அழவில்லை. ஈரத் துணியோடு உட்கார்ந்து, "அந்தப் பழைய கடுதாசி வச்சிருக்கியா?" என்று கேட்டார். எடுத்து வந்தேன்.

"என்னையப் பத்தி எழுதியிருந்தாருல்ல, அந்த வரியை மட்டும் படி."

கடிதத்தைப் பிரித்தேன். நான் சொன்ன பொய் எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. "வீராயியை உடம்பைப் பாத்துக்கச் சொல்லு" என்று படித்தேன்.

"அப்புடி இல்லத்தா. 'நல்லாப் பாத்துக்க'ன்னு இருந்துச்சு. சரியாப் பாரு."

அந்த இடத்தில் மாமாவின் கோணல் எழுத்தில் 'வந்துவிடு' என்று இருந்தது. அது எனக்கு எழுதியது. அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "ஆமாங்க, உடம்பை நல்லாப் பாத்துக்கன்னுதான் இருக்கு" என்று திருத்திப் படித்தேன்.